சனிக்கிழமைகளில் இறங்கும் பேட்டரி

“என்ன அங்கிள், மூச்சே விட மாட்டேங்குது?” என்றான் பாஸ்கர், சாவியை இன்னொரு முறை திருகியபடி.

வண்டி ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. அதை விற்க நின்ற வரதராஜாவின் முகம் சுண்டிப் போயிற்று.

“பொறுங்கோ தம்பி... நேற்றுக் காலமைதான் பாத்தனான். பற்றரி முழுச் சார்ஜில நிண்டது.”

கிளேட்டனில் அவர் வீட்டின் பக்கவாட்டில் நின்ற அந்த மோட்டர்ஹோமுக்குள் கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ் என்று ஒரு குடித்தனமே இருந்தது. வரதராஜாவும் மனைவி யோகாவும் அதில் நாட்டின் வடகோடியிலுள்ள டார்வின் வரை போய் வந்தவர்கள். ஏப்ரலில் வரதராஜாவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் வினுஷாதான் ஒரே பிடியாக நின்றாள்.

“ஊர் சுத்தினது போதும் அப்பா, வித்துப்போடுங்கோ.”

“பிள்ளை சொல்றது சரிதானே,” என்று யோகாவும் தலையாட்டினாள். “எனக்கும் அந்தக் கட்டிலில படுத்துப் படுத்து முதுகு நோகுது.”

மனைவியே அப்படிச் சொன்ன பிறகு வரதராஜா விளம்பரம் கொடுத்தார்.

குளிர்காலத்தில் ஓடாமல் நிற்கும் வண்டியின் பேட்டரி சும்மா இருந்தே செத்துப்போகும். ஆனால் வரதராஜா, ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேட்டரி முனைகளில் பூத்த உப்பைச் சுரண்டிக் கிரீஸ் பூசினார். சின்ன சார்ஜர் ஒன்றை மாட்டி வைத்தார். பேட்டரியை இறங்காமல் காக்குமே தவிர, இறங்கியதை ஏற்ற அதற்குச் சக்தி போதாது. அதனால் மீட்டர் வைத்து அடிக்கடி அளந்தும் பார்த்தார். வண்டிக்குத் தடித்த உறை போர்த்தினார். கைவிட்டுப் போகப்போகிற பொருள்தானே என்று அலட்சியமாக இருக்க அவருக்கு வரவில்லை.

அப்படியும் இது இரண்டாம் முறை. போன சனிக்கிழமை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தபோதும் இதே கதைதான்.

யோகா தேநீரோடு வந்தாள். “இது நம்பேலாத வான் தம்பி. பிள்ளை குட்டியோட போய் நடுரோட்டில நிண்டா என்ன செய்வியள்?”

“யோகா, நீர் கொஞ்சம் சும்மா இரும்!”

பாஸ்கர் சிரித்துவிட்டான். “பரவால்ல ஆன்ட்டி. எனக்கு வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு. சரி பண்ணி வைங்க அங்கிள், அடுத்த சனிக்கிழமை பாயிண்ட் குக் வீட்டுலேருந்து திரும்ப வர்றேன். ஸ்டார்ட் ஆச்சுன்னா அன்னைக்கே எடுத்துட்டுப் போயிடறேன்.”

மாலையில் வினுஷா அழைத்தாள். வரதராஜா போனை ஸ்பீக்கரில் போட்டார். விஷயம் அறிந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “ப்ளீஸ் அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. விக்க மனமில்லாம நீங்களே ஏதும் செய்யிறீங்களோ?”

வரதராஜாவுக்குச் சுருக்கென்றது. மனமில்லைதான். அதற்காக, வீடு தேடி வந்தவர்களை ஏமாற்றுவாரா?

“நான் பராமரிச்ச ஒரு வண்டியும் இண்டைவரைக்கும் பழுதாகி நிண்டதில்லை பிள்ளை,” என்றார்.

“விடு வினுஷா. அப்பாக்கும் வயசு போட்டுது,” என்றாள் யோகா. அது இன்னும் அதிகமாக வலித்தது.

அந்த வாரம் முழுக்க வரதராஜா வேறு வேலை பார்க்கவில்லை. பேட்டரியைக் கழற்றி, பெரிய சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி ஏற்றினார். இரண்டு நாள் தனியே வைத்துச் சோதித்தார். ஒரு சொட்டும் இறங்கவில்லை. வியாழக்கிழமை திரும்பப் பொருத்தி, சாவியைத் திருகிய மாத்திரத்தில் எஞ்சின் உறுமியது.

“யோகா! வந்து சத்தத்தைக் கேளும்!”

“ஓம் ஓம், கேக்குது. நல்லது, சனிக்கிழமை குடுத்துவிடலாம்,” என்ற யோகா, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் திரும்பிப் போய்விட்டாள்.

வரதராஜா எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இனி யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டியும் இருக்காது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் அவர் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போவார். அன்னதானச் சமையலுக்குக் காய்கறி நறுக்கிக் கொடுத்துவிட்டு, பொழுது சாயத்தான் திரும்புவார். அன்று உதவிக்கு நிறையப் பேர் வந்துவிட்டார்கள். மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

பக்கவாட்டுக் கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். வண்டியின் உறைக்குள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது. ரேடியோவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

உறையின் ஓரத்தை மெல்ல விலக்கினார்.

சாரதி இருக்கையில், குளிருக்குக் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு யோகா உட்கார்ந்திருந்தாள். முன்விளக்கு, உள்விளக்கு, காற்றாடி எல்லாவற்றையும் போட்டிருந்தாள். இன்னும் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் டாஸ்மேனியா வரைபடம் விரிந்து கிடந்தது.

வரதராஜா சத்தம் போடாமல் கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு வந்து பாஸ்கரை அழைத்தார்.

“குறை நினையாதேங்கோ தம்பி. நாளைக்கு வரவேண்டாம், வான் வித்துப்போச்சு.”

“அடடா! யார் வாங்கினாங்க அங்கிள்?”

“தெரிஞ்ச ஆக்கள்தான்,” என்றார் வரதராஜா, சிரிப்பை அடக்க முடியாமல். “டாஸ்மேனியா பாக்க ஆசைப்படுற ஒரு வயசுபோன சோடி.”