ஆற வெச்சு குடி

டப்!

குழாய்த் தண்ணி பட்டதுதான் தாமதம், மக் ரெண்டா பொளந்து சிங்க்குல விழுந்துச்சு. ஒரு துண்டுல "குட்டி". இன்னொரு துண்டுல "ஆற வெச்சு குடி".

கையில பிடிதுணியோட அப்படியே நின்னா அவ. சின்னப் பிள்ளைலேர்ந்து இப்ப காலேஜ் போற வரைக்கும் வேற மக்கைத் தொட்டதே இல்ல. அம்மா நீலப் பேனாவால எழுதிக் கொடுத்தது. அம்மா முகம்கூட போட்டோ பார்த்தாத்தான் ஞாபகம் வரும். எழுத்து மட்டும்தான் தினமும் கையில இருந்துச்சு.

இன்னிக்கு கிளாஸ் கேன்சல்னு சீக்கிரமே வீட்டுக்கு வந்தா, மேடை முழுக்க ஸ்பிரிட் வாடை. நீலம் ஒட்டின பஞ்சு. அணைச்சும் கொதிக்கிற ஓவனுக்குள்ள அவளோட மக்! பதறிப்போய் வெளிய இழுத்து, சூடு தணியட்டும்னு குழாயைத் திறந்துட்டா. கோவம் வந்தா யாருக்குத்தான் மூளை வேலை செய்யுது?

துணி காயப்போட்டுட்டிருந்த சித்தி சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க.

"ஐயையோ, அதுக்குள்ளயே ஆறட்டும்னுல்ல விட்டேன்! கை சுட்டுச்சா? காட்டு குட்டி!"

"தொடாதீங்க! நான் இல்லாத நேரமா பார்த்து பஞ்சு வெச்சு அழிக்கப் பார்த்திருக்கீங்க. அது போதாதுன்னு ஓவன்ல வெச்சு எரிக்கவும் செஞ்சிருக்கீங்க!"

சித்தி குழாயை மட்டும் மூடினாங்க.

"என்ன சத்தம்? மறுபடியும் குக்கரா?"னு அப்பா எட்டிப் பார்த்தார். துண்டுகளைப் பார்த்ததும், "அட, பசை போட்டு ஒட்டிடலாம்மா..."

"நீங்க சும்மா இருங்கப்பா! அம்மாவோட ஞாபகம் இந்த வீட்ல இருக்கறதே இவங்களுக்குப் பிடிக்கல!"

அப்பா முகம் சுண்டிப்போச்சு. சித்தி பக்கம் திரும்பினார். "இன்னுமா வாயைக் கட்டிட்டு நிப்ப? சொல்லேன்!"

"சொல்லக்கூடாதுன்னுதானேங்க இத்தனை நாள் இருந்தேன்."

சித்தி பரண்லேர்ந்து ஒரு வெள்ளை மக்கை எடுத்தாங்க. பஞ்சால துடைச்சாங்க. நீலப் பேனாவைத் திறந்து, உடைஞ்ச துண்டுங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம கிடுகிடுன்னு எழுதினாங்க.

குட்டி, ஆற வெச்சு குடி.

அதே சாய்வு. கடைசி 'டி'யோட சுழி, வால் மாதிரி நீண்டு கைப்பிடியைத் தொட்டுச்சு. அதே வால்!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அம்மா எழுத்து... உங்களுக்கு எப்படி?"

"நான் வந்தப்பவே பாதி போயிருந்துச்சு குட்டி. முழுசா போனா நீ தாங்க மாட்டியேன்னு, மங்க மங்க அதே தடத்துல எழுதிட்டு வரேன். முதல்லல்லாம் நாலு கழுவலுக்குத் தாங்காது. அப்புறம்தான் பிடிபட்டுச்சு. ஸ்பிரிட் போட்டு பிசுக்கை எடுக்கணும். ஓவன் சூடாகறதுக்கு முன்னாடியே உள்ள வெச்சு, மை ஒட்டிக்கற வரைக்கும் சுட்டு, ஓவனோடவே ஆற விடணும். அவசரப்பட்டு எடுத்தா இப்படித்தான், டப்புனு போயிடும்."

அவ மெதுவா அந்த வாலை விரலால தொடப் போனா.

"ஏய், ஈரம்! கலைஞ்சிடும்!"

கையை இழுத்துக்கிட்டா. கண்ணு முட்டிக்கிட்டு வந்துச்சு. பரண்லேர்ந்து இன்னொரு மக்கை எடுத்து சித்தி முன்னாடி வெச்சா.

"இது எதுக்கு?"

"அது அம்மாவுது. இதுல நீங்க எழுதிக் கொடுங்க சித்தி. உங்க சொந்தக் கையெழுத்துல."

சித்தி பேனாவை எடுத்தாங்க. 'குட்டி'ன்னு எழுதினாங்க. 'டி'யோட வால் நீண்டு கைப்பிடியைத் தொட்டுச்சு. பஞ்சால துடைச்சுட்டு மறுபடி எழுதினாங்க. மறுபடியும் அதே வால்.

அசடு வழிய சிரிச்சாங்க.

"வேற மாதிரி வரமாட்டேங்குது குட்டி. இதுதான் இப்ப என் கையெழுத்து."