கல் வைக்கும் மாப்பிள்ளை

“அதோ, அந்தக் கறுப்புப் பாறைக்கு அந்தாண்ட... டால்ஃபின்! ரெண்டு... இல்ல, ஒரு குடும்பமே போகுது!” ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், மோவாயாலேயே கடலைக் காட்டினார் மாமனார்.

பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளை டால்ஃபினைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கருங்கல்லை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாமனாரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் நினைப்பது போல ஒன்றும் இல்லை. அந்தக் காரின் ஹேண்ட் பிரேக் உயிரை விட்டு வருஷக்கணக்காகிறது. அதன் கம்பியில் மாமியாரின் கைப்பைதான் தொங்கும். வண்டி எங்கே நின்றாலும் இறங்கி, டயருக்கு முட்டுக் கொடுத்துக் கல் வைப்பது வீட்டோடு மாப்பிள்ளையின் பதவி. அதற்கும் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. மாமனார் இறங்கி வந்து திறந்துவிட்டால்தான் மாப்பிள்ளைக்கு விடுதலை.

வேறு பதவிகளும் உண்டு. தண்ணீர் மோட்டார் போட வேண்டும், மாமியார் தொலைக்கும் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும். இன்று காலையில்கூட, கார் ஷெட்டுத் தரையில் திட்டாகக் கிடந்த எண்ணெயைப் பழைய பனியனால் துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனார். மாமியார் கண்ணில் பட்டால் “யாரு சிந்தினது?” என்று ஆரம்பித்து அவர் தலையில்தான் வந்து முடியும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அத்தனை பதவிகளையும் இன்று ராஜினாமா செய்வதாகத் திட்டம். அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்தெருவிலேயே ஒரு வீடு பார்த்தாயிற்று. சாயங்காலத்துக்குள் சாவி வாங்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மாமியார் எதிரில் பேச்செடுத்தால் ரகளைதான். ஆனால் மூட்டு வலிக்காரி, காரை விட்டு இறங்க மாட்டார். எனவே முதலில் நிறுத்தும் இடத்தில், கல் வைக்கும் சாக்கில், மாமனார் காதில் மட்டும் போட்டுவிடுவது.

“இன்னிக்கு சொல்லல, அப்புறம் ஆயுசுக்கும் கல்லு வெச்சுக்கிட்டே இருங்க” என்று மனைவி கிளம்பும்போதே எச்சரித்திருந்தாள்.

மாமனாரோ நிறுத்துகிற வழியாக இல்லை. மலை உச்சியில் திரும்பி, கடலை ஒட்டியே கீழே இறங்கும் பாதை அது. முதல் வியூ பாயின்ட்டில் நாலைந்து கார்கள் நின்றிருந்தன, ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் ஹாரனை அமுக்கிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார்.

“மாமா, நல்ல இடமா இருக்கே. நிறுத்தலாமே?”

“போகப் போக இன்னும் நல்லா இருக்கும் மாப்ளே.”

இரண்டாவது வியூ பாயின்ட்டும் பின்னால் போயிற்று. “பாப்பா, அங்க பாரும்மா, எவ்ளோ பெரிய கடலாமை!” என்றார் மகளிடம்.

“எங்கப்பா?”

“தண்ணிக்குள்ள போயிடுச்சு.”

“இவரு கண்ணுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்” என்றார் மாமியார். “மாப்ளே, ஒரு நாள் இவரைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் கண்ணை டெஸ்ட் பண்ணுங்க. உருட்டுறதைப் பாரு! நடந்தே போயிருக்கலாம்.”

அதுவும் நியாயம்தான். முதல் கியரிலேயே வண்டி உறுமிக்கொண்டு ஊர்ந்தது. சைக்கிளில் போன ஒருவன் அவர்களை முந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர் மாமனார். எதற்கும் பதறாத மனிதர். இன்று இத்தனை கடல்காற்றிலும் சட்டைக் காலர் தொப்பலாக நனைந்திருந்தது. மனுஷர் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார், பேச விடக்கூடாது என்றுதான் நிறுத்தாமல் ஓட்டுகிறார் என்று மாப்பிள்ளை முடிவு கட்டினார். ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்ப்பவர் அல்லவா, அவர் கணக்குத் தப்புமா!

மூன்றாவது வியூ பாயின்ட்டும் வந்த வேகத்தில் போனது. மனைவி தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வெளியேயும் போக முடியவில்லை, உள்ளேயும் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

“மாமா! நாங்க தனியா வீடு பாத்துட்டோம். இன்னிக்கு சாயங்காலம் சாவி வாங்குறோம்!”

“என்னது?” என்று மாமியார் உடம்போடு திரும்பினார்.

மாமனார் திரும்பவில்லை. “ரொம்ப நல்லது மாப்ளே. சௌக்கியமா போங்க. இப்ப எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்க... திமிங்கலம்! தண்ணியைப் பீச்சி அடிக்குது பாருங்க!”

சண்டைக்கு வாய் திறந்த மாமியாரே திமிங்கலம் என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அத்தனை பேரும் தேடினார்கள். அலைதான் தெரிந்தது.

பாதை கடற்கரை மட்டத்துக்கு வந்தது. வண்டி தார் ரோட்டை விட்டு விலகி, ஓரத்து மணல்மேட்டில் மூக்கைப் புதைத்துக்கொண்டு, ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. எஞ்சின் அணைந்தது. மாமனாரின் கைகள் மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

மாப்பிள்ளைக்கோ தலைகால் புரியவில்லை. இவ்வளவு லேசாகச் சம்மதித்துவிட்டாரே! இனி இந்த வீட்டுக்காரர்கள் யாரும் தன்னை எதற்கும் கேள்வி கேட்க முடியாது என்ற தெம்பில், கொஞ்சம் அதட்டலாகவே கேட்டார்.

“மலை மேலேயே எங்கேயாவது நிறுத்தியிருக்கலாமே மாமா? கல்லுகூட ரெடியாத்தானே வெச்சிருந்தேன்?”

மாமனார் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பினார். உதடு வறண்டு வெளுத்திருந்தது.

“பிரேக் மலை மேலேயே போயிடுச்சு மாப்ளே... காலையில ஷெட்டுத் தரையில எண்ணெய் ஏதாவது கிடந்துச்சா?”