அரசங்கன்று

வேர் கைக்கு அகப்பட்டுவிட்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்பாரையால் இன்னும் கொஞ்சம் நெம்பினாள். மாடிச் சுவரின் காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

அப்பாவின் வீடு. உயில்படி இப்போது அவள் வீடு. அதை அவள் கையில் ஒப்படைக்கும் பொறுப்பை அப்பா தன் அண்ணனிடம் விட்டுப் போயிருந்தார். பெரியப்பா சென்னியப்பன். சாவி அவர் இடுப்பில்.

மார்கழி போகட்டும் என்றார். போனது.

ஆடி போகட்டும் என்றார். அதுவும் போனது.

இப்போது, புரட்டாசியில் யாராவது வீடு கைமாற்றுவார்களா என்கிறார். நல்ல நாள் பார்த்துப் பார்த்தே மனிதர் இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார். ஒரு நாள்கூடக் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

அதற்குள் காக்கை எச்சத்தில் விழுந்த விதை மாடிச் சுவரில் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. விரிசல் உத்தரம் வரை இறங்கியிருந்தது. ஐப்பசி மழைக்குத் தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

வெட்டிவிடலாமா என்று கேட்டாள். அரச மரத்தை வெட்டினால் வம்சத்துக்கே ஆகாது என்று பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தி என்றால் அப்படியொரு பக்தி. அவள் தான் குடியிருக்கும் வீட்டுக்குப் போய் ஆத்திரம் தீர அழுதாள்.

இன்று பக்கத்து வீட்டு ஜமுனா அக்காவின் மாடி வழியாக ஏறி வந்துவிட்டாள்.

தெருவில் குரல் கேட்டது.

"ஏங்கண்ணு, வெட்டாதேன்னு சொன்னனல்ல?"

"வெட்டலீங்க பெரியப்பா."

உண்மைதான். அவள் அரிவாளே கொண்டுவரவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேறு இடத்தில் வைக்கிறேன் சாமி என்று கும்பிட்டுவிட்டுத்தான் கடப்பாரையைத் தொட்டாள். அந்த ஊரில் அரசங்கன்றை அப்படித்தான் எடுப்பார்கள். பெரியப்பாவுக்கும் அது தெரியும்.

ஆணிவேர் சுவரை விட்டு வந்த வேகத்தில் மல்லாந்து விழுந்தாள்.

விழுந்தபடியே சிரித்தாள்.

பக்கெட்டில் கொண்டுவந்திருந்த சிமெண்டுக் கலவையை வேர் இருந்த பொந்தில் திணித்து அடைத்தாள். கன்றை மண்ணோடு பக்கெட்டில் நிறுத்தித் தூக்கிக்கொண்டு, ஜமுனா அக்கா வீட்டுப் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.

பெரியப்பா இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்க கொண்டு போய் நடப் போறே?"

"உங்க மதிலோரமாத்தானுங்க. உங்களாட்டம் பக்தி ஊருல வேற யாருக்கு இருக்குது?"

போன மாதம்தான் அவர் புது மதில் எழுப்பி வெள்ளையடித்திருந்தார்.

ஜமுனா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியப்பா வேரைப் பார்த்தார். அது அவர் கை நீளம் இருந்தது. ஒருமுறை நட்டுவிட்டால் அவரால் அதைப் பிடுங்கவும் முடியாது, ஆள் வைத்து வெட்டவும் முடியாது. தெருவே கேட்கத்தான் இத்தனை நாளும் பேசியிருந்தார்.

"ஆத்தங்கரைப் பிள்ளையார் கோயில்ல வெச்சரலாங்கண்ணு."

"வெக்கலாங்க. மொதல்ல வீட்டைத் தொறந்துட்டுப் போலாம்."

"இன்னிக்கி அஷ்டமியாச்சே..."

அவள் பக்கெட்டோடு அவர் வீட்டுப் பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"நில்லு, நில்லு!"

பெரியப்பாவின் கை இடுப்புக்குப் போனது. சாவியை எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. இரண்டு கையாலும் பக்கெட்டைப் பிடித்திருந்தாள்.

"நீங்களே தொறந்து விடுங்க பெரியப்பா."

பூட்டு துருவேறிக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெரு பார்க்க, பெரியப்பா அதனோடு மல்லுக்கட்டினார்.

அவள் கன்றோடு நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.