அடுத்த பெட்டியில் என்ன நாடு?

"பேட்ரிசியா அண்ணிக்கு நாம வர்றதே பிடிக்கலைடா" என்றான் கலீல், மேலப்புதூர் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே.

லூர்துக்கும் அப்படித்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சவரிராயன் அண்ணன் வீட்டுக்குப் போனால், அண்ணி காபியை டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பெட்டி என்று யாராவது வாயெடுத்தால் போதும், முகமே மாறிவிடும்.

பெட்டி என்றால் விளையாட்டுப் பெட்டி. சவரிராயனின் தம்பி அமெரிக்காவிலிருந்து அனுப்புவது. ஒருத்தர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் அந்தக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி, அடுத்து நடப்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு புது நாடு. முதல் நாட்டை ஆடி முடித்தாயிற்று. அடுத்ததற்காக அண்ணன், லூர்து, கலீல், இன்னாசிராஜ் நாலு பேரும் தவம் கிடக்கிறார்கள். ஏழு கழுதை வயசில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

இப்போதைக்குக் கையில் இருப்பது தம்பி அனுப்பிய விளம்பரத் துண்டு ஒன்றுதான். அதில் மங்கலாக ஒரு படம். வாராவாரம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அதை வைத்துத்தான் ஆராய்ச்சி. இன்றைக்கும் அப்படித்தான்.

"பாலைவனம்டா. பாரு, மணல்மேடு தெரியுது" என்றான் கலீல்.

"மணலா அது? அலை. இந்தத் தடவை கடல் நாடு" என்றான் இன்னாசிராஜ்.

"ரெண்டு ஆத்துக்கு நடுவுல ஒரு தீவு. நம்ம ஸ்ரீரங்கம் மாதிரி" என்றான் லூர்து.

சவரிராயன் சிரித்தார். ஸ்கூட்டரில் விழுந்ததிலிருந்து அவருக்குக் கட்டில்தான் உலகம்.

"மலை நாடா இருந்தா நல்லாருக்கும்ப்பா. ஏறிக்கிட்டே இருக்கலாம். மலைக்கோட்டைப் படியை ஒரே மூச்சுல ஏறினவன்டா நான்."

லூர்து சட்டென்று எழுந்து, காலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பார்சல். அமெரிக்க ஸ்டாம்ப். பிரிக்கவே இல்லை, மேலே தூசி படிந்திருந்தது.

"என்ன அண்ணி இது? அந்த மனுஷன் இதுக்காகத்தானே ஏங்கிக்கிட்டு கிடக்காரு. எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

பேட்ரிசியா கதவை மெல்ல ஒருக்களித்துச் சாத்தினாள்.

"போன பெட்டி வந்தப்ப மூச்சு விடாம ஆடி முடிச்சீங்க. அதுக்கப்புறம் யாராவது இந்த வாசப்படியை மிதிச்சீங்களா தம்பி? ஞாயித்துக்கிழமையானா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு படுத்திருப்பாரு. அடுத்த பெட்டி வரப்போகுதுன்னு நான் சொல்லி அனுப்பின பிறகுதானே திரும்பி வந்தீங்க? இதைப் பிரிச்சா இதையும் ஆடி முடிச்சுட்டுப் போயிடுவீங்க. பெட்டி வராத வரைக்கும்தான் நீங்க வருவீங்க."

 அப்போதெல்லாம் லூர்துக்கு அப்படி என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. முக்கொம்புக்குப் பிக்னிக் போக மட்டும் நேரம் இருந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாரு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

பார்சலை டின்னுக்குப் பின்னால் இன்னும் உள்ளே தள்ளி வைத்தான் லூர்து. கூடத்துக்கு வந்து விளம்பரத் துண்டை வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கென்னவோ அண்ணன் சொல்ற மலை நாடுதான்னு தோணுது."

மறுபடி சண்டை களை கட்டியது. மத்தியானம் வரைக்கும் ஓயவில்லை.

கிளம்பும்போது, மற்ற இரண்டு பேரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்க, சவரிராயன் லூர்துவின் கையைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"அடுப்படியில பார்த்துட்டியா? போஸ்ட்மேன் 'அமெரிக்கா பார்சல்'னு வாசல்ல கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சுடா. எனக்குத் தெரியும்னு அண்ணிகிட்ட சொல்லிடாத. அடுத்த ஞாயிறு வந்துடு."