தந்தியில்லாத வயலின்

ஆர்டெல் வேன்ஸுக்கு அழுகை வரவில்லை.

அமெரிக்கா முழுக்க 'கண்ணீர் ராணி' என்று கொண்டாடுகிற நடிகை. அவள் அழுவதைப் பார்க்க ஜனங்கள் ஆளுக்கு இரண்டு கைக்குட்டையோடு தியேட்டருக்குப் போவார்கள். அப்பேர்ப்பட்டவள் காலையிலிருந்து, செத்துப்போன மகனின் கட்டிலருகே மண்டியிட்டு, வறண்ட கண்ணோடு முழித்துக்கொண்டிருந்தாள்.

"வெங்காயம் வச்சுப் பார்த்தாச்சு. கிளிசரின் போட்டா மூக்கு வழியா இறங்குது. நான் என்னதாம்மா பண்றது?" டைரக்டர் ஹார்லன் பைக் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"எமிலைக் கூப்பிடுங்க சார். அவர் வாசிச்சாத்தான் எனக்கு அழுகை வரும்."

"ஐயோ, இது பேசும் படம்மா! அவன் வாசிச்சா அதுவும் சேர்ந்து பதிவாகும். பையன் செத்துக் கிடக்கிற வீட்ல எவன்டா அது வயலின் வாசிக்கிறவன்னு ஜனங்க கேட்க மாட்டாங்களா?"

ஊமைப் படக் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. காமிரா கடகடக்கும், டைரக்டர் தொண்டை கிழியக் கத்துவார், பக்கத்திலேயே எமில் பிண்ட்டர் நின்று சோகமாக வயலின் வாசிப்பான். எதுவும் படத்தில் கேட்காது. அவன் வில்லை இழுத்ததுமே ஆர்டெல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வாள், தோள் குலுங்கும், கண்ணீர் பொலபொலவென்று கொட்டும்.

ஒருமுறை எமிலுக்குக் காய்ச்சல் என்று பெரிய கச்சேரி வித்வான் ஒருவரை அழைத்து வந்தார்கள். மனிதர் கம்பம் மாதிரி அசையாமல் நின்று வாசித்ததில், விளக்குப் பிடிக்கிற முரட்டு ஆட்கள்கூட விசும்பினார்கள். ஆர்டெலுக்கு ஒரு சொட்டு வரவேண்டுமே? ஊஹூம். எமிலுக்கு இது தெரிந்த நாளிலிருந்து தலைகால் புரியவில்லை.

பேசும் படம் வந்து எமிலின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. ஆர்டெலின் பிழைப்பும் இன்றைக்கு ஊசலாடிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோ முதலாளி ஸாம்லர் காலையிலேயே வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரும்மா, நீ அழற சத்தம் என் காதுல விழணும். விழுந்தா புது ஒப்பந்தம். இல்லைன்னா மூட்டை கட்டிக்கிட்டு ஊரைப் பார்த்துப் போய்ச் சேரு!"

சொன்னதோடு விட்டாரா? ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் போய், காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தும் விட்டார். நடிப்பை விட்டால் ஆர்டெலுக்கு வேறு எதுவும் தெரியாது. ஓமஹாவுக்குத் திரும்பிப் போய் அண்ணன் கசாப்புக் கடையில் இறைச்சி மடித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

"சார், வயலின்ல தந்தியைக் கழட்டிட்டு வாசிக்கச் சொல்லுங்களேன்!" என்றாள் திடீரென்று.

"தந்தி இல்லாம வாசிச்சா என்னம்மா கேட்கும்?"

"எனக்குக் கேட்கவே வேணாம் சார். அவர் என் எதிர்ல நின்னு வாசிச்சாப் போதும்."

"கலையே கலைதான்!" என்று முணுமுணுத்துக்கொண்டே டைரக்டர் ஆளனுப்பினார்.

எமில் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் குதித்தான்.

"தந்தி இல்லாத வயலினா? எங்கப்பா புடாபெஸ்ட்ல பிரபுக்கள் முன்னாடி வாசிச்சவரு, தெரியுமில்ல?"

"ஐயா சாமி, கோவிச்சுக்காதே. உன்னை விட்டா எங்களுக்கு நாதியில்லை" என்று டைரக்டர் கையைப் பிடித்துக்கொண்டதும் குளிர்ந்துபோனான். தந்தியைக் கழற்றிவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றான்.

கட்டிலோரத்துப் பூச்சாடிக்குள் மைக்கை ஒளித்துவைத்தார்கள். மணி அடித்தது. செட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

எமில் கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தான். சத்தம்தான் இல்லையே தவிர, வேறு ஒரு குறையும் வைக்கவில்லை. புருவம் ஏறி இறங்கியது, உதடு கோணியது, உடம்பு அப்படியே வளைந்து நெளிந்தது.

ஆர்டெல் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். தோள் குலுங்கியது. கைக்குட்டை வாய்க்குப் போயிற்று. "என் கண்ணே!" என்று ஒரு கேவல். பூச்சாடியை ஒட்டித் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முகத்தை எடுத்தபோது கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டரே கைக்குட்டையைத் தேடினார்.

"கட்! பிரமாதம்மா!"

"பார்த்தீங்களா? தந்தியே இல்லாம அழ வச்சிட்டேன்!" எமில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் பார்த்தான்.

கூண்டின் கதவு திறந்தது. ஸாம்லர் வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்து, கன்னமெல்லாம் ஈரம்.

"அட, முதலாளியே அழுதுட்டாருடா!" என்று டைரக்டர் கிசுகிசுத்தார். ஆர்டெல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுங்கய்யா!" ஸாம்லர் மூச்சு வாங்கினார். "ஆனா இனிமே இவளுக்குச் சோகப் படமே கிடையாது. எல்லாம் காமெடிதான்."

டைரக்டர் பதறிப்போனார். "என்ன முதலாளி இது? நாடே இவங்க அழறதைப் பார்க்கத்தானே வருது?"

ஸாம்லர் எமிலை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட போய்யா! இத்தனை வருஷமும் அந்தாளு மூஞ்சியைப் பார்த்து இவ சிரிச்சிருக்காய்யா!"