இரண்டு மணிக்கு ஸ்கிரீனிங்

ரஸீனிடம் மைக்கைக் கொடுத்தது என் பிழைதான். ஆனால் ஒலிபெருக்கி பூட்டிய ஆட்டோ ஊரில் அவனிடம் மட்டும்தானே இருக்கிறது, என்ன செய்வது?

நான் இப்ஹாம். கண்டி டவுனில் புடவைக் கடை. இங்கே அலவத்துகொடவில் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் தலைவர். ஊர் இளசுகளுக்கெல்லாம் 'நானா', அதாவது அண்ணன். ஊரே வெற்றிலை போடுகிறது என்று, வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு இரண்டு தடவை ஏற்பாடு செய்தேன். இரண்டு தடவையும் கண்டி கிளினிக்கிலிருந்து டொக்டர் சஞ்சீவனி வந்து, காலிக் கதிரைகளைப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எனக்கு மானமே போனது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஆறு மாதமாக, சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தை வாயில் வைத்தாலே பற்றி எரிகிறது. மனைவி கைரியா கொச்சிக்காய்த் தூளை அள்ளிக் கொட்டுகிறாள். கேட்டால், "ஒங்கட வாயிலதான் பிழை" என்கிறாள்.

மூன்றாவது தடவை ரஸீனுக்குத் துண்டில் எழுதியே கொடுத்தேன். 'சனிக்கிழமை இரண்டு மணி, பாடசாலை மண்டபம், வாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங்.'

"வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு நானா."

என்னத்த வெளங்கிச்சு!

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மாஷா அல்லாஹ், ஊர் திருந்திவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அப்புறம்தான் பார்க்கிறேன், பிள்ளைகள் கையிலெல்லாம் சிங்கக் கொடி. ஒருத்தன் மேளம் வேறு கொண்டுவந்திருந்தான்.

முன்வரிசையில் இருந்த பவாஸ் கச்சான் கடலை உரித்துக்கொண்டே கேட்டான். "நானா, ஸ்கிரீன் எங்க?"

"என்ன ஸ்கிரீன்?"

"மேட்ச் பாக்க! 'சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஸ்கிரீனிங், பல்லேகல ஸ்டேடியத்துக்கு டிக்கட் கெடைக்காதவங்க எல்லாரும் வாங்க' எண்டு ரஸீன் கத்திட்டுப் போனானே!"

யா அல்லாஹ்! ரஸீன் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மடையா! ஸ்கிரீனிங் எண்டா சோதனைடா! மேட்ச் காட்டுறதில்ல!"

"அப்படியா நானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு கோபம் வந்து எல்லோரும் எழும்பினார்கள். போகத்தான் முடியவில்லை. பாடசாலை கேட்டுக்குக் குறுக்கே ரஸீனின் ஆட்டோ. சாவியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தான், அந்த அறிவுக்கொழுந்து.

அதற்குள் டொக்டர் சஞ்சீவனி மைக்கைப் பிடித்துவிட்டார். "உக்காருங்க, உக்காருங்க. மேட்ச் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு. ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான். போன்ல ஸ்கோர் பாத்துக்கிட்டே வரிசையில வாங்க."

"அப்ப தலைவர் முதல்ல!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினார் நஸீம் ஹாஜியார்.

"நான் ஏற்பாடு செஞ்ச ஆள். எனக்கெதுக்கு?" என்றேன்.

"ஏற்பாடு செஞ்ச ஆள்ட வாய்தான் ஊர்லயே ஆகச் செவப்பு!"

மேளம் அடித்தார்கள். வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தேன்.

"உறைப்பு பட்டா எரியுதா?" டொக்டர் கேட்டார்.

"பொஞ்சாதிட சமையல் அப்படி டொக்டர்."

"வாய் எவ்வளவு தொறக்குதுன்னு பாப்போம். மூணு விரலை ஒண்ணுக்கு மேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள விடுங்க."

இரண்டுதான் போனது. மூன்றாவதற்கு இடமில்லை.

"கூட்டத்தில பேசக்குள்ள முழுக் கையும் போகுமே!" பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. டோர்ச் அடித்துக் கன்னத்தின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. திங்கக்கிழமை கட்டாயம் கிளினிக்குக்கு வரணும்."

யார் அடித்தார்கள், யார் ஆட்டமிழந்தார்கள், அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

கிளினிக்கில் சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை நித்திரை இல்லை. கைரியா ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. தொழுகைப் பாயிலேயே இருந்தாள். ஊரில் 'ஸ்கிரீனிங் ரஸீன்' என்று பெயர் வைத்துச் சின்னப் பிள்ளைகூட அவனைக் கிண்டல் பண்ணியது.

முடிவு வாங்க ரஸீனின் ஆட்டோவில்தான் கண்டிக்குப் போனேன். கிளினிக் வாங்கில் எங்கள் ஊர்க்காரர் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் அன்றைக்குக் கொடியோடு வந்தவர்கள்.

டொக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது இன்னும் புற்றுநோயா மாறல. கவனிக்காம விட்டிருந்தா மாறியிருக்கலாம். வெத்தில, பாக்கு, பொகையில எல்லாத்தையும் இன்னையோட விடுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க."

வெளியே வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரஸீனின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்ட மடத்தனத்தால தப்பினேன்டா! அல்லாஹ் அதிலயும் ஒரு பரக்கத்த வெச்சீக்கான்."

ரஸீன் சிரித்தான். "ஸ்கிரீனிங் எண்டா என்னெண்டு தெரியும் நானா. வாப்பாவக் கூட்டிக்கொண்டு ஒரு வருஷம் இங்கதானே ஓடித்திரிஞ்சேன். அவருக்குக் கண்டுபிடிக்கக்குள்ள பிந்திட்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப ஏன்டா சரியா அறிவிக்கல்ல?"

"முதல் ரெண்டு தரமும் சரியாத்தானே அறிவிச்சேன். வந்தது நீங்க ஒராள்தான். நீங்களும் வாயத் தொறந்தது பேச்சுப் பேச மட்டும்தானே நானா!"