கழுகுக்கு ஒரு புதுத் திரை

“பழைய சாப்ட்வேரோட சேர்த்து என்னையும் வழியனுப்பிடுங்க மேடம். விருப்ப ஓய்வுல போயிடறேன்.”

வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்தின் தலைமை அதிகாரி, வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே மேசையில் வைத்தார்.

எதிரே நின்றவரை அலுவலகமே ‘கழுகு’ என்றுதான் கூப்பிடும். செயற்கைக்கோள் அனுப்பும் ஆற்றின் படத்தை ஒரு முறை மேய்ந்தாரானால், எந்தக் கரை எங்கே உடையப் பார்க்கிறது என்று சொல்லிவிடுவார். போன மழைக்காலத்தில் ஆற்றோரத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏறித் தப்பித்தது அவர் வார்த்தையை நம்பித்தான்.

அவர் படம் பார்த்தது பழைய மென்பொருளில். கறுப்பு வெள்ளையைத் தவிர வேறொன்றும் காட்டாத கிழட்டு மென்பொருள். அதைத் தயாரித்தவர்களே இந்த வாரத்தோடு இழுத்து மூடுகிறார்கள். மற்ற எல்லோரும் புதுத் தளத்துக்கு மாறியாகிவிட்டது. கழுகு மட்டும் பிடிகொடுக்கவில்லை.

“மழை தலைக்கு மேல நிக்குது. இப்பப் போய் ஓய்வுங்கறீங்களே சார். புதுசுல அப்படி என்ன குறை?”

“குறையெல்லாம் ஒண்ணுமில்ல. வயசான காலத்துல இனிமே என்னத்தப் புதுசா கத்துக்கறது?”

“உங்களுக்கா வயசாச்சு? போன மாசம் புது போன் வாங்கி, எனக்கே அதுல ரெண்டு வித்தை சொல்லிக் குடுத்தீங்க.”

கழுகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரிக்கு ஒரு பக்கம் எரிச்சல், இன்னொரு பக்கம் பயம். இந்த மனிதர் இல்லாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“புதுத் தளத்துக்காரங்க ஒரு பயிற்சியாளரை அனுப்பியிருக்காங்க. ரெண்டு நாள் அவர்கூட உக்காருங்க. அப்பறமும் ஒத்துவரலைன்னா, நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். சரியா?”

கழுகு அரைமனதாகத் தலையாட்டினார்.

பயிற்சியாளர் முன்வழுக்கை விழுந்த, நிதானமாகப் பேசுகிற ஆசாமி. முதல் நாள் கண்ணாடிக் கதவு வழியே அதிகாரி எட்டிப் பார்த்தபோது, கழுகு கைகட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மத்தியானம் பாதியில் எழுந்துபோய் மாடிப்படியில் தனியாக நின்றார். பின்னாலேயே பயிற்சியாளரும் போய் நின்றார். ‘அவ்வளவுதான், காரியம் கெட்டது’ என்று அதிகாரி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அதே அறையைக் கடந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கழுகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பல்லை முழுசாகப் பார்த்தது அன்றுதான். அதிகாரி உள்ளே நுழைந்ததும் இருவரும், வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் மழை பிய்த்து உதறியது. பழைய மென்பொருள் காலையிலேயே நின்றுவிட்டது. புதுத் தளத்தில் முதல் படம் வந்து இறங்கியதும், ஆளாளுக்கு வேலையை விட்டுவிட்டுக் கழுகின் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

திரை முழுக்க வண்ணங்கள். கழுகின் கை மவுஸ் மேல் அசையாமல் நின்றது.

“அவசரமே இல்ல சார்” என்றார் பயிற்சியாளர், தாழ்ந்த குரலில்.

கழுகு எதையோ அழுத்தினார். படம் மொத்தமும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. பழக்கதோஷம் என்று அதிகாரி நினைத்தார். கழுகு முன்னால் சாய்ந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி பார்த்தார்.

“வடக்குக் கரை. செங்கல் சூளைக்குப் பின்னால உள்பக்கமா ஊறுது. இன்னிக்குத் தாங்கும். நாளைக்குத் தாங்காது.”

அதிகாரி போனை எடுத்தார். சாயங்காலத்துக்குள் சூளைக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறின. கரையில் மணல் மூட்டைகள் ஏறின. “நல்லவேளை சொன்னீங்க, கால் வச்சா உள்ள போகுது” என்று பொறியாளர் அங்கிருந்தே பேசினார்.

அதிகாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு டீ சொன்னார்.

“இப்பச் சொல்லுங்க சார், ஓய்வா?”

“வேணாம் மேடம்.” கழுகு டீயை ஒரு முறை ஆற்றினார். “ஆனா ஒண்ணு சொல்லிடணும். வேலை போயிடுமோன்னு பயந்து இவ்வளவு நாள் மூடி வச்சிருந்தேன். எனக்கு நிறம் தெரியாது. பச்சையும் சிவப்பும் எனக்கு ஒண்ணுதான். பொறவியிலேயே அப்படி.”

அதிகாரி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உங்க வேலை போகணும்னா, அதுக்கு முன்னாடி என் வேலை போகணும் சார். நிம்மதியா டீயைக் குடிங்க.”

கழுகு குடித்தார். முகம் தெளிந்திருந்தது. அதிகாரி பயிற்சியாளர் பக்கம் திரும்பினார்.

“கூடவே இருந்த எங்களுக்கே தெரியலை. உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொன்னார்?”

“அவர் எங்க சொன்னார்? நானாத்தான் கண்டுபிடிச்சேன்” என்றார் பயிற்சியாளர். “பச்சைப் பட்டனை அமுக்குங்கன்னு கையேட்டுல இருந்ததைப் படிச்சேன். இடது பக்கத்துலேர்ந்து எத்தனாவதுன்னு கேட்டார். இந்த வேலைக்கு வந்த முதல் நாள், நானும் அதையேதான் கேட்டேன்.”